கட்டுரை திரும்பி வந்துவிட்டதா? அறிவியல் தத்துவ இதழ்களுக்கு எழுதுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் வளாகத்தில் இயற்பியல் துறைக்கும் தத்துவத் துறைக்கும் நடுவில் ஒரு கேண்டீன் இருக்கிறது. இரண்டு துறைக்கும் சேராத ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் போனை நீட்டி "சார், திரும்பிடுச்சு" என்று சொல்வது அங்கேதான். இப்படிப் பல வருடங்களாக மெயில் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. மெயில் எப்படி வந்தது, எத்தனை நாளில் வந்தது என்பதை வைத்தே கோளாறு எங்கே என்று பாதி சொல்லிவிடலாம். ஆனால் எல்லாரும் உடனே செய்வது கட்டுரை முழுவதையும் திரும்ப எழுதுவது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்போம், எஞ்சினை இறக்கிப் போட மாட்டோம்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், வேலை வாங்கும் காரணம் கடைசியில்.

## அனுப்பி இரண்டே நாளில் "சரிசெய்து மீண்டும் அனுப்பவும்" என்று வருகிறது

இது நிராகரிப்பே இல்லை. உங்கள் கட்டுரையை இன்னும் யாரும் படிக்கவில்லை. இதழ் அலுவலகத்தில் ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

### பெயர் மறைப்பு பற்றி மெயில் பேசினால்

கட்டுரையை மதிப்பிடுபவருக்கு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக முதல் பக்கத்தில் பெயரை எடுத்திருப்பீர்கள். மற்ற இடங்களைப் பாருங்கள். நன்றியுரை, நிதி உதவி வரி, கோப்பின் பெயர் (பிள்ளைகள் தங்கள் பெயரையே கோப்புக்கு வைத்து 'ஃபைனல் ஃபைனல் 3' என்று சேர்த்து அனுப்புவார்கள்), "நான் முன்பு காட்டியபடி" என்று சொந்தக் கட்டுரையைச் சுட்டும் இடம். இந்தக் கடைசிதான் அதிகம் மாட்டுவது. மூன்றாம் மனிதர் எழுதியதைச் சொல்வதுபோல் மாற்றினால் போதும்.

அதற்குப் பிறகும் திரும்பினால் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தகவலைப் பாருங்கள். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போனால் எழுதியவர் பெயரையும் கமெண்டுகளையும் அழிக்கலாம். லேடெக்கில் (சமன்பாடுள்ள கட்டுரைகளை அச்சுக்கோக்கும் மென்பொருள்) ஹைப்பர்ரெஃப் பொதிக்குக் கொடுத்த ஆசிரியர் பெயர் பிடிஎஃப்பின் விவரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சில இதழ்களில் எடிட்டருக்கே எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது என்பது விதி. அங்கே இதில் ரொம்பக் கறாராக இருப்பார்கள்.

### சொல் எண்ணிக்கை என்றால்

அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் சேருமா சேராதா என்று இதழின் பக்கத்தில் இருக்கும், படியுங்கள். வேர்டின் எண்ணிக்கைப் பெட்டியில் அடிக்குறிப்பைச் சேர்க்கும் டிக் ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் எண்ணிவிட்டு "எனக்கு சரியாத்தானே காட்டுது" என்று ஒருவர் என்னிடம் ஒரு வாரம் வாதாடினார்.

### பிடிஎஃப்பில் கேள்விக்குறிகள்

லேடெக் கோப்பில் மேற்கோள் இடமெல்லாம் "?" என்று வந்தால், நூற்பட்டியலைச் சேர்க்கும் பிப்டெக்கை ஒரு முறை ஓட்டி, பிறகு லேடெக்கை இரண்டு முறை ஓட்டுங்கள். உங்கள் கணினியில் சரியாக இருந்து இதழின் தளத்தில் மட்டும் கேள்விக்குறி வந்தால் நூற்பட்டியல் கோப்பை ஏற்ற மறந்திருப்பீர்கள்.

இந்தக் கட்டத்தில் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. மூன்றாவது முறையும் திரும்பினால் இதழ் அலுவலகத்துக்கே எழுதிக் கேட்கலாம். எடிட்டருக்கு வேண்டாம்.

## பத்து நாளில் எடிட்டரே நிராகரித்துவிட்டார், ரெஃபரிக்குப் போகவே இல்லை

இதற்குப் பெயர் டெஸ்க் ரிஜெக்ட்: கட்டுரையை மதிப்பிடும் துறை வல்லுநரான ரெஃபரிக்கு அனுப்பாமலேயே எடிட்டர் திருப்புவது. என்னிடம் வருவதில் பெரும்பங்கு இதுதான். மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று வழி பிரியும்.

### "எங்கள் இதழின் எல்லைக்குள் வரவில்லை"

மலிவான காரணம்: கட்டுரை நல்லது, முகவரி தப்பு. அறிவியல் தத்துவம் என்று ஒரே பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே கடைகள் வேறு வேறு. 1934 முதல் வரும் 'ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்', 1950-இல் தொடங்கிய 'பிரிட்டிஷ் ஜர்னல் ஃபார் த ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்' இரண்டும் வாதத்தைத் தேடுபவை. வரலாறு வந்தாலும் வாதத்துக்குச் சாட்சியாக வர வேண்டும். 'பெர்ஸ்பெக்டிவ்ஸ் ஆன் சயின்ஸ்' வரலாறு, தத்துவம், சமூகவியல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும். பரிணாமம், மரபணு என்று போனால் 1986 முதல் வரும் 'பயாலஜி அண்ட் ஃபிலாசஃபி'. 'ஸ்டடீஸ் இன் ஹிஸ்டரி அண்ட் ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்' முன்பு ஏ, பி, சி என்று மூன்று பகுதியாக வந்தது, 2021-இல் ஒன்றாக்கிவிட்டார்கள். "பார்ட் பி-க்கு அனுப்பு" என்று இன்னும் சொல்லும் கைடுகள் உண்டு. அவர்களை மன்னித்துவிடலாம், ஆனால் நீங்கள் பார்த்து அனுப்புங்கள்.

சோதனை எளிது. உங்கள் நூற்பட்டியலை எடுங்கள். எந்த இதழின் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் அதுதான் சரியான முகவரி. அனுப்பிய இதழிலிருந்து ஒரு கட்டுரைகூடப் பட்டியலில் இல்லையா? அப்படியானால் உங்கள் பேச்சு வேறு திண்ணையில் நடக்கிறது. பட்டியலில் இரண்டு பெயரைச் சும்மா செருகி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். எடிட்டர்கள் அதைத் தினமும் பார்க்கிறார்கள்.

### "தத்துவப் பங்களிப்பு போதவில்லை"

இது கொஞ்சம் பெரிய கோளாறு. ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

சந்திரசேகர்–எடிங்டன் கதையை எழுத ஆசைப்படாத தமிழ் ஸ்காலரை நான் பார்த்ததே இல்லை. 1935 ஜனவரி 11, லண்டனில் ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டி கூட்டம். வெள்ளைக் குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) ஒன்றின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்ற முடிவை 24 வயது சந்திரசேகர் வாசிக்கிறார். இன்று அதைச் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று சொல்கிறோம். அடுத்து எழுந்த எடிங்டன், அன்றைய பெரிய வானியலாளர், அதைக் கேலி செய்து மறுக்கிறார், சபை சிரிக்கிறது. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு. கதை இவ்வளவு நன்றாக இருப்பதுதான் சிக்கலே. ஒன்பதாயிரம் சொல் கட்டுரையில் ஏழாயிரம் கதைக்கே போய்விடும். கடைசியில் "ஆகவே அறிவியலில் அதிகாரம் உண்மைக்குத் தடையாக இருக்கக்கூடும்" என்று முடியும். எடிட்டர் அங்கே என்ன நினைப்பார்? சரி, இதை யார் இல்லை என்றார்கள்?

இங்கேதான் முதல் சோதனை. உங்கள் முடிவை மறுக்கக்கூடிய ஒருவர் பெயரை எழுதுங்கள். அச்சில் இருப்பவர், உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பெயரும் வரவில்லை என்றால் உங்களிடம் முடிவு இல்லை, பொதுக்கருத்து இருக்கிறது.

இரண்டாம் சோதனை: சந்திரசேகரை எடுத்துவிட்டு கலிலியோவை வைத்தாலும் முடிவு அப்படியே நிற்கிறதா? நின்றால் அந்த ஏழாயிரம் சொல்லும் அலங்காரம்.

எப்படிச் சரிசெய்வது? கதைக்குள்ளேயே கேள்வி கிடக்கும், தோண்ட வேண்டும். சந்திரசேகர் விஷயத்தில் குவாண்டம் இயற்பியலாளர்களான ரோசன்ஃபெல்ட், போர், பாலி ஆகியோர் தனிப்பட்ட முறையில் அவர் பக்கம்தான் இருந்தார்கள். ஆனால் அதைப் பகிரங்கமாகச் சொல்லி எடிங்டனோடு மோத முன்வரவில்லை. இப்போது கேளுங்கள்: ஒரு துறையின் கருத்தொற்றுமை எங்கே இருக்கிறது? நிபுணர்களின் மனதிலா, அவர்கள் அச்சில் சொன்னதிலா? மனதில் என்றால் இந்த விஷயத்தில் குவாண்டம் இயற்பியலாளர்களிடையே அன்றே ஒற்றுமை இருந்தது. அச்சில் என்றால் இல்லை. வெளியான கட்டுரைகளை எண்ணிக் கருத்தொற்றுமையை அளக்கும் இன்றைய வழக்கத்துக்கும் இது நேராக வந்து இடிக்கும். மறுக்க ஆள் உண்டு. கலிலியோவை வைத்தால் இந்தக் கேள்வி இப்படி எழாது. கதை ஏழாயிரத்திலிருந்து இரண்டாயிரமாகச் சுருங்கிவிடும். வலிக்கும்தான்.

ஆள் கூப்பிடும் கட்டம்: கேள்வி கிடைத்துவிட்டது, ஆனால் அதைப் பற்றி ஏற்கெனவே யார் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. தத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஃபில்பேப்பர்ஸ் தளத்தில் தலைப்பு வாரியாகத் தேடி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நடத்தும் பில்சை-ஆர்கைவில் முன்வரைவுகளையும் (இதழில் வரும் முன்பே இணையத்தில் போடும் பிரதிகள்) பாருங்கள். ஒரு மாதம் படித்தும் புலப்படவில்லை என்றால் அந்த உட்பிரிவில் எழுதும் ஒருவருக்கு, ஒரே ஒரு கேள்வியோடு, ஐந்து வரி மெயில் போடுங்கள். கட்டுரையை இணைக்காதீர்கள். முப்பது பக்கம் வந்தால் பதில் வராது. கேள்வி வந்தால் பல நேரம் பதில் வரும்.

### காரணமே சொல்லாத இரண்டு வரி மெயில்

கடுப்பாகத்தான் இருக்கும். இதற்கு என் முதல் சந்தேகம் எப்போதும் முதல் பக்கத்தின் மேல்தான். "பண்டைக் காலம் தொட்டே மனிதன்" என்றோ, 1962-இல் தாமஸ் கூன் பாரடைம் (ஒரு துறை முழுவதும் ஏற்றுக்கொண்ட அடிப்படைச் சட்டகம்) பற்றிச் சொன்னதன் சுருக்கத்தோடோ தொடங்கியிருப்பீர்கள். அந்த இதழின் வாசகருக்கு கூனை அறிமுகப்படுத்துவது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவிடமே மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துவது மாதிரி.

முதல் முந்நூறு சொற்களுக்குள் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பென்சிலால் கோடு போடுங்கள்: கேள்வி, இதுவரை சொல்லப்பட்ட பதில், உங்கள் பதில். மூன்றும் எங்கேயாவது இருக்கும், பெரும்பாலும் நான்காம் பக்கத்தில். ஸ்காலர்களின் கட்டுரைகள் நான்காம் பக்கத்தில்தான் தொடங்குகின்றன. அதை வெட்டி மேலே ஒட்டுங்கள். பாதிக்குப் பாதி இந்த ஒட்டு வேலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

சுருக்கத்தையும் பாருங்கள். "இக்கட்டுரை ஆராய்கிறது", "விவாதிக்கிறது" என்று மட்டும் இருந்தால் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லவே இல்லை. முடிவை மறைத்து வைக்க இது துப்பறியும் கதை அல்ல.

இதெல்லாம் செய்தும் இரண்டு இதழ்கள் அடுத்தடுத்து வாசலிலேயே திருப்பினால் கைடைத் தவிர இன்னொருவரிடம் கொடுங்கள். கைடுக்கு உங்கள் கட்டுரை மனப்பாடம், அவருக்கு ஓட்டை தெரியாது.

எடிட்டரிடம் மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்பார்கள். உண்மைப் பிழை ஒன்றை வைத்து நிராகரித்திருந்தால் மட்டும் செய்யலாம். கோபத்துக்குச் செய்ய வேண்டாம். 1936-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று ஒரு கட்டுரை எழுதி 'ஃபிசிக்கல் ரிவியூ'வுக்கு அனுப்பினார்கள். எடிட்டர் அதை ரெஃபரியிடம் கொடுத்தார். என் அனுமதி இல்லாமல் எப்படி அடுத்தவரிடம் காட்டலாம் என்று ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு வேறு இதழில் அது வந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. ரெஃபரி ராபர்ட்சன் சொன்னதே சரி.

## மாதக் கணக்காக நிலை மாறவே இல்லை

தினமும் தளத்தைத் திறந்து பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். பிறகு ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், "இரண்டு வாரத்துக்குள் பதில் தேவை" என்ற எடிட்டர் மெயில் ஸ்பேமில் நாற்பது நாள் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"வித் எடிட்டர்" என்றே ஒன்றரை இரண்டு மாதம் நின்றால், ரெஃபரி கிடைக்காமல் எடிட்டர் அலைகிறார் என்று பொருள். இரண்டு துறைக்கு நடுவில் எழுதுபவர்களுக்கு இது சகஜம். குவாண்டம் கணிப்பும் தெரிந்து காரண காரியத் தத்துவமும் தெரிந்தவர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அடுத்த முறை அனுப்பும்போது ரெஃபரி பரிந்துரைப் பெட்டி இருந்தால் நிரப்புங்கள். இரண்டு துறையிலிருந்தும் பெயர் கொடுங்கள். கூட எழுதியவர், கைடு, நண்பர் கூடாது.

"அண்டர் ரிவியூ" என்றால் நான்கு மாதம் வரை சும்மா இருங்கள். தத்துவ இதழ்களில் அது தாமதமே இல்லை. அதற்குப் பிறகு கட்டுரை எண், அனுப்பிய தேதி, நிலை அறிய விரும்புகிறேன் என்று மூன்று வரி. "என் தீசிஸ் தேதி நெருங்குகிறது" என்ற கதை வேண்டாம்.

"ரிக்வயர்ட் ரிவியூஸ் கம்ப்ளீட்டட்" என்று மாறியிருந்தால் அறிக்கைகள் வந்துவிட்டன. இன்னும் மூன்று வாரம் பொறுக்கலாம்.

ஆறேழு மாதம் ஆகி, இரண்டு மெயிலுக்கும் பதிலே இல்லை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பப் பெற்றதற்கு எழுத்தில் உறுதி வந்த பிறகுதான் அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கிடந்தால் இரண்டிலும் கெட்ட பெயர். துறை சின்னது, இரண்டு எடிட்டரும் ஒரே ரெஃபரியைக் கேட்டுவிடும் அளவுக்குச் சின்னது.

## இரண்டு ரெஃபரிகள், நேர் எதிர் அறிக்கைகள்

இருதுறைக் கட்டுரைக்கென்றே வரும் காய்ச்சல் இது. ஒருவர் "அறிவியல் பகுதி மேலோட்டம், தத்துவம் பரவாயில்லை" என்பார். இன்னொருவர் "அறிவியல் விவரம் தேவைக்கு மேல், தத்துவம் இல்லை" என்பார். பிள்ளைகள் உடைந்துபோவது இங்கேதான்.

### முதலில் சொற்களைச் சோதியுங்கள்

செலவில்லாத காரணம்: ஒரே சொல்லை இரண்டு பேரும் வேறு வேறாகப் படித்திருக்கிறார்கள். 'மாடல்' என்றால் இயற்பியலாளருக்குச் சமன்பாடு. உயிரியலாளருக்கு எலியும் பழ ஈயும்கூட மாடல்தான். தருக்கவியலாளருக்கு, ஒரு கோட்பாட்டின் வாக்கியங்களை மெய்யாக்கும் அமைப்பு. 'ரியலிசம்' இன்னும் மோசம். 2022-இல் ஆஸ்பே, கிளாவ்சர், ட்சைலிங்கர் மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தபோது "லோக்கல் ரியலிசம் பொய்த்தது" என்று செய்தி வந்தது. அது குவாண்டம் துகள்களைச் சோதிக்கும் பெல் சமனின்மை என்ற கணித வரம்பு சார்ந்த பேச்சு. தத்துவத்தில் ரியலிசம் என்றால் வெற்றி பெற்ற கோட்பாடுகள் உண்மைக்கு அருகில் இருக்கின்றனவா என்ற சண்டை. 1981-இல் தத்துவவாதி லாரி லாடன் 'ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்' இதழில் அந்த ரியலிசத்தை வெளுத்து எழுதினார், சண்டை இன்னும் ஓயவில்லை. உங்கள் கட்டுரையில் "ரியலிசம்" என்று மொட்டையாக இருந்தால் ஒரு ரெஃபரி பெல்லைத் தேடுவார், மற்றவர் லாடனைத் தேடுவார். இருவரும் ஏமாறுவார்கள்.

'மெக்கானிசம்' என்ற சொல்லும் இப்படித்தான். உயிரியல் ஆய்வகத்தில் சாதாரணச் சொல். தத்துவத்தில் மெக்கமர், டார்டன், கிரேவர் மூவரும் 2000-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அதற்கென்று ஒரு தனி இலக்கியமே வளர்ந்துவிட்டது. அதைத் தொடாமல் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தால் தத்துவ ரெஃபரி அங்கேயே பேனாவை மூடிவிடுவார்.

செய்ய வேண்டியது: இரண்டு அறிக்கையிலும் வரும் கலைச்சொற்களைப் பட்டியல் போட்டு, நீங்கள் எந்தப் பொருளில் எடுக்கிறீர்கள் என்று முதலில் வரும் இடத்திலேயே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அரை நாள் வேலை.

### சொல் சரி, ஆனாலும் இருவரும் முரண்படுகிறார்கள் என்றால்

கட்டுரைக்கு வாசகர் யார் என்று நீங்கள் முடிவு செய்யவில்லை. இருவருக்கும் சரிபாதி கொடுக்கப் பார்த்திருக்கிறீர்கள், அதனால் இருவருக்கும் பாதிப் பட்டினி. முதன்மை வாசகர் ஒருவர்தான். மற்றவருக்கு விருந்தாளி மரியாதை. தத்துவ இதழ் என்றால் அறிவியல் விவரத்தில் வாதம் எதன் மேல் நிற்கிறதோ அதை மட்டும் வைத்து, மீதியைப் பிற்சேர்க்கைக்குத் தள்ளுங்கள்.

எவ்வளவு போதும் என்பதற்கு ஓர் அளவு. 2015-இல் வெளியான உளவியல் மறுசோதனைத் திட்டம் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தது. முதலில் 97 விழுக்காட்டில் புள்ளியியல் முக்கியத்துவம் கிடைத்திருந்தது, திரும்பச் செய்தபோது 36 விழுக்காட்டில்தான் கிடைத்தது. உங்கள் வாதம் "திரும்பக் கிடைக்காதது தோல்வியா" என்பதாக இருந்தால், இந்த இரண்டு எண்ணும் 'வெற்றி' என்பதை அவர்கள் எப்படியெல்லாம் அளந்தார்கள் என்பதும் தேவை. எந்த நூறு ஆய்வு என்ற பட்டியல் தேவையில்லை.

### "அறிவியலே தப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தால்

இது எஞ்சின் கோளாறு. நீங்களே பழுது பார்க்க உட்காராதீர்கள். அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் கொடுத்து, "இதைப் படித்தால் உங்களுக்கு எங்கே எரிச்சல் வருகிறது?" என்று கேளுங்கள். 'சரியா?' என்று கேட்டால் மரியாதைக்குச் சரி என்பார்கள். திருத்தம் இரண்டு வாக்கியத்துக்குள் நின்றால் நன்றியுரை போதும். அவர் கணக்கையே மாற்றி எழுத வேண்டி வந்தால் அவரை இணையாசிரியராகச் சேர்ப்பதுதான் முறை.

## "திருத்தி அனுப்பு" என்று வந்து மூன்று மாதமாகக் கை ஓடவில்லை

இது நல்ல செய்தி என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அறிக்கையை ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு குறையையும் தனித்தனியாக வெட்டி ஒரு கோப்பில் ஒட்டி, கீழே பதில், எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்பது. முதலில் தட்டச்சுப் பிழை வகையறாவை முடித்துவிடுங்கள், கை சூடாகும்.

ரெஃபரி தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? "நீங்கள் புரிந்துகொள்ளவில்லை" என்று எழுதாதீர்கள். அவர் தவறிப்போன இடத்தில் உங்கள் வாக்கியம் வழுக்கியிருக்கிறது, அதை மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். ஒன்றிரண்டில் காரணம் சொல்லி மறுத்தால் எடிட்டருக்கு உங்கள் மேல் மரியாதை கூடும். இரண்டு ரெஃபரி கேட்பதும் ஒன்றையொன்று அழித்தால் எடிட்டருக்கு எழுதி, நான் இந்த வழியில் போகலாம் என்றிருக்கிறேன் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முடிவு சொல்ல வேண்டியவர் அவர்.

## "ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்தவும்"

பல நேரம் கோளாறு இலக்கணத்தில் இல்லை. ஐந்து வரி நீளும் வாக்கியத்தை மூன்றாக உடையுங்கள். பத்தியின் முதல் வரியை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள், வாதம் தெரிய வேண்டும். அதற்கும் மேல் போனால் காசு கொடுத்து மொழித் திருத்துநரிடம் போகலாம், ஆனால் வாதம் முடிவான பிறகு. வாதம் மாறினால் கொடுத்த காசு வீண்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டுத் திருத்தினால் இதழின் விதிப்படி அதைத் தெரிவியுங்கள். அதை ஆசிரியராகப் போட முடியாது என்று பதிப்பு நெறிக் குழுவான கோப் (COPE) 2023-லேயே சொல்லிவிட்டது. அது தந்த மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத்தில் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரையை இருக்கிற ஆசிரியர் பெயரில் அது அழகாக எழுதிக் கொடுக்கும்.

## ஒப்புமை அறிக்கையில் விழுக்காடு எகிறுகிறது

உங்கள் வரிகள் வேறு எங்கே அப்படியே இருக்கின்றன என்று மென்பொருள் தரும் கணக்கு இது. விழுக்காட்டைப் பார்க்காதீர்கள், எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நூற்பட்டியலும் மேற்கோளும் கழிக்கப்படாமல் இருக்கலாம். உங்கள் முன்வரைவே மாட்டியிருக்கலாம். எந்த இதழுக்கு முன்வரைவு பிரச்சினையில்லை என்பது அந்தந்த இதழின் பக்கத்தில் இருக்கும். ஏற்கும் இதழ் என்றால் எடிட்டருக்கு ஒரு வரி சொன்னால் போதும். இந்திய ஆய்வேடுகளின் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறிய உங்கள் தீசிஸ் அத்தியாயம் என்றால் அதையும் முகப்புக் கடிதத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யுஜிசியின் 2018 விதியில் உள்ள 10 விழுக்காடு கணக்கை வெளிநாட்டு எடிட்டரிடம் காட்டாதீர்கள், அவருக்கு அது பொருட்டல்ல. ஒரே மூலத்திலிருந்து ஒரு பத்தி வரிசையாக வந்தால் மூன்று விழுக்காடானாலும் வில்லங்கம்தான்.

## பணம் கேட்டு மெயில் வருகிறது

### கட்டுரை அனுப்பும் முன்பே அழைப்பு வந்தால்

"மதிப்பிற்குரிய பேராசிரியரே, ஏழு நாளில் வெளியீடு" என்றால் மூடிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களின் பட்டியலான டோஜில் (DOAJ) இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னும் அசலாக இருந்து தளம் மட்டும் போலியாக இருக்கும் மோசடியும் உண்டு. அதனால் தேடுபொறி வழியாகப் போகாமல் பதிப்பகத்தின் தளத்திலிருந்து இதழுக்குப் போங்கள். யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேரில் இருக்கிறோம் என்று இன்னும் விளம்பரம் செய்கிறார்கள். அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது. தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற யுஜிசி கட்டாயமும் 2022 விதியில் போய்விட்டது. உங்கள் பல்கலைக்கழகம் சொந்த விதி வைத்திருக்கலாம், அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பயத்தில்தான் பலர் பணம் கட்டுகிறார்கள்.

### நல்ல இதழ் ஏற்றுக்கொண்ட பிறகு பில் வந்தால்

பதறாதீர்கள். கலப்பு இதழாக (சந்தா வழியும் திறந்த வழியும் உள்ளது) இருந்தால் உரிமப் படிவத்தில் இரண்டு வழி இருக்கும். சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பைசா வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு "ஓபன்" என்பதைச் சொடுக்கியவர்களுக்குத்தான் பில் வருகிறது. உடனே எழுதினால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். முழுக்கத் திறந்த அணுக்க இதழ் என்றால் சலுகை உண்டா என்று அனுப்பும் முன்பே கேட்டிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நிபுணர் உங்கள் நூலகர்தான், அவரிடம் போங்கள்.

## கட்டுரை வந்துவிட்டது, ஆனால் பெயர் தப்பு

நமக்கென்றே உள்ள வியாதி. தளம் 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும், இரண்டும் கட்டாயம். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். குடும்பப் பெயர் பெட்டியில் அப்பா பெயரைப் போட்டால் மேற்கோள் எல்லாம் அப்பாவுக்குப் போகும். இனிஷியலை மட்டும் போட்டால் "எஸ்., முருகன் என்பவர்" என்று ஆவீர்கள்.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். எந்தப் பெயரால் உங்களைச் சுட்ட வேண்டுமோ அது குடும்பப் பெயர் பெட்டியில் போக வேண்டும். அதே வடிவில் ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) வாங்கி எல்லா இடத்திலும் கொடுங்கள். மெய்ப்பு (வெளியிடும் முன் சரிபார்க்கத் தரும் பிரதி) வரும்போது பொதுவாக இரண்டு மூன்று நாள்தான் அவகாசம் தருவார்கள். முதலில் பெயரைப் பாருங்கள், அப்புறம் கிரேக்க எழுத்துகளையும் சமன்பாடுகளையும் பாருங்கள், வாக்கிய அழகைக் கடைசியில் பார்க்கலாம். மெய்ப்பில் விட்டுவிட்டால் பிறகு திருத்த அறிவிப்பு கேட்டு எடிட்டருக்கு எழுத வேண்டியதுதான்.

நான் எழுதினேன். என் அப்பா பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அவர் பெயரில் இரண்டு அறிவியல் தத்துவக் கட்டுரைகள் இருந்தன. ஒன்றை மாற்றிவிட்டார்கள். இன்னொன்று அப்படியே இருக்கிறது, மேற்கோளும் அதற்குத்தான் அதிகம்.